சாரலில் ஒரு கால் சுற்று

மதுரை

அப்பாவின் புல்லட்டைக் கிளப்ப ஒரு வரிசை உண்டு. முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். அடுத்து, கார்புரேட்டரின் பக்கத்தில் துருத்தி நிற்கும் சின்னப் பொத்தானை, பெட்ரோல் கசிந்து விரல் நனையும்வரை அழுத்த வேண்டும். பிறகு டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரைப் பதமாக இறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் உதை. வரிசை சரியாக இருந்தால் ஒரே உதையில் கிளம்பும். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். சின்ன வயதில் அந்தப் பொத்தானை அழுத்தும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் போன பின்பும் ஆள்காட்டி விரலில் பெட்ரோல் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும்.

வண்டி 1974ஆம் வருடத்து 350. திருவொற்றியூரில் செய்தது. புல்லட்டின் பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். 1932லிருந்து அந்தப் பெயரில் வண்டி வந்துகொண்டிருக்கிறது. எல்லையில் ரோந்து சுற்ற நம் ராணுவம் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955ல் என்ஃபீல்டு இந்தியா சென்னையில் உருவானது. தாய்வீட்டில் உலை அணைந்த பிறகும், அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் இன்ஜினை, அதே வலதுகால் கியரை, திருவொற்றியூர்த் தொழிலாளிகள் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். அப்பா போன பிறகு எங்கள் வண்டி பதினெட்டு வருடம் மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் நின்றது. அதை மீட்டெடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கிராங்க், பிஸ்டன், வயரிங் எல்லாம் புதிதாயின. டேங்கின் தங்கக் கோடுகளைக்கூட ஒரு பெயின்டர் கையாலேயே இழுத்துக் கொடுத்தார்.

கார்புரேட்டர் மட்டும் பழையது. அமல் வகை. பர்மிங்காமில் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் 1927ல் ஒன்றாகச் சேர்ந்தபோது பிறந்த பெயர் அது. வண்டியின் மற்ற பாகங்களை அளந்து பொருத்திவிடலாம். இதைக் கேட்டுத்தான் பொருத்த வேண்டும். எனக்கு அந்தக் காது அப்போது இல்லை. மதுரைச் சிக்னல்களில் நின்று நின்று ஓட்டியதில் பிளக்கில் கரி படிந்தது. பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று முடிவுகட்டி, நீடிலை ஒரு காடி இறக்கினேன். ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தேன். கரி குறைந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மூன்று வாரம் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தியும் வைத்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. வருடா வருடம் ஆடியில் அப்பா இதே வண்டியில் குற்றாலம் போவார். வைகையில் மணல் வெந்துகொண்டிருந்த ஒரு காலையில் கிளம்பினேன்.

ராஜபாளையம், புளியங்குடி

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மலை வலதுகைப் பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும். அதன்பின் தென்காசிவரை விடாது. ராஜபாளையத்தில் மலை தூரத்து நீலம், சிவகிரியில் பச்சை, வாசுதேவநல்லூரில் மேகம் அதன் தோள்வரை இறங்கியிருந்தது. மதுரையில் மலையென்றால் ஒற்றைக் கல். ஆனைமலையோ பசுமலையோ தனியாகப் படுத்திருக்கும். இங்கே மலை ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது காற்றிலேயே தெரிந்தது.

ராஜபாளையம் கடந்ததுமே வண்டி பேச ஆரம்பித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'பட், பட்' என்று வெடிக்கும். மறுபடி திருகினால் அரை நொடி திணறிவிட்டுத்தான் எடுக்கும்.

புளியங்குடியில் நிறுத்தினேன். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மண்டி வாசலில் மஞ்சள் குவியல்கள், சாக்குகள், அந்தப் புளித்த மணம். உப்புப் போட்ட எலுமிச்சை சோடா கலக்கிக் கொடுத்த பெரியவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எங்க சித்தப்பா வச்சிருந்தாக. அவுக வாறது ரெண்டு தெரு முன்னாடியே கேக்கும், சித்தி உலைய வச்சிருவா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "இது அந்தச் சத்தம் இல்லையே" என்றார். நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான்.

கடையநல்லூர் தாண்டிச் சாரல் விழ ஆரம்பித்தது. மழை என்று சொல்ல முடியாது. மலைக்கு அப்பால் பெய்கிற மழையைக் காற்று வாரிக்கொண்டு வந்து தூவுகிறது. சட்டை நனையாமலே குளிர்ந்தது. வண்டி இரண்டு இடத்தில் அணைந்தது. ஈரக்காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தென்காசி

பஸ் ஸ்டாண்டில் புல்லட் மெக்கானிக் யார் என்று விசாரித்ததில் எல்லாரும் ஒரே திசையில் கையை நீட்டினார்கள். தேரடிக்குப் பின்னால், தகரக் கொட்டகை, பெயர்ப் பலகை கிடையாது. எழுபதைத் தாண்டிய மனிதர். புல்லட் மட்டும்தான் பார்ப்பார்.

"அணைக்காதீய. ஓடட்டும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆக்ஸிலேட்டரை ஒரு முறை திருகி விட்டார். வெடித்தது.

"யாரு நீடில எறக்குனது?"

"நான்தான் அண்ணாச்சி. கரி பிடிச்சுது. இப்போ ஈரக்காத்துல…"

"காத்து மேல பழியப் போடாதீய தம்பி. காத்து கொஞ்சந்தான். மிச்சம் என்னன்னு காட்டுதேன், வாங்க."

கார்புரேட்டரின் மிதவை அறைப் பக்க மூடியில் மூன்று திருகாணிகள். திருப்புளியால் கழற்றி, உள்ளே இருந்த பெட்ரோலை ஒரு வெள்ளைச் சாசரில் ஊற்றினார். டீ குடித்த சாசர்தான். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மேலே தெளிந்த பெட்ரோல். அடியில் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிய ஒரு படலம், தனியாக உருண்டது.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பழைய இரும்பு டேங்க், பாதி காலி, மூன்று வாரம். டேங்க் மூடி வழியாகச் சாரலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்னொன்றும் உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 1974ல் தனிப் பெட்ரோலுக்கென்று துளைபோட்ட ஜெட்டில் இந்தப் பெட்ரோல் ஓடினால், கலவை தானாகவே மெலிந்துபோகும். மெலிந்ததை நான் என் கையால் இன்னும் மெலிய வைத்திருந்தேன்.

சரி, காற்று? பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரையில் 38 டிகிரி, தென்காசிச் சாரலில் 24 டிகிரி என்றால், குளிர்ந்த காற்று நூற்றுக்கு நாலைந்து பங்கு அடர்த்தி கூடியது. ஈரப்பதம் என்று நாம் பயப்படுகிற நீராவியோ, இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்; வெயிலில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஆக, சாரல் காற்று வண்டியை மூச்சுத் திணற வைக்கவில்லை. நல்ல காற்றை வஞ்சனையில்லாமல் கொடுத்தது. அதற்கு ஈடாகப் பெட்ரோல் கொடுக்கத்தான் நான் வழியை அடைத்திருந்தேன்.

"இன்னிக்கு ஒண்ணுஞ் செய்ய முடியாது" என்றார் அண்ணாச்சி. "டேங்க வடிச்சுக் காயப்போடுதேன். சூட்டுல டேப்பெட்டத் தொடப்புடாது. காலையில வாங்க. கார்புரேட்டரு கடைசி. எல்லாவனும் அதத்தான் மொதல்ல தொடுவான்."

கோபுர வாசல்

கையில் வண்டி இல்லாமல் காசி விசுவநாதர் கோயிலுக்கு நடந்தேன். கோபுர வாசலில் காற்று என்னைப் பிடித்துத் தள்ளியது. வேட்டி முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்கள் சிரித்தபடி உள்ளே போனார்கள். வெளியே தெருவில் இருப்பது அதே காற்றுதான். வாசல் குறுகுவதால் அங்கே வேகம் எடுக்கிறது.

கார்புரேட்டரின் தொண்டையும் இதேதான். குழாய் நடுவில் குறுகும். காற்று அந்த இடத்தில் விரையும். விரையும் காற்றின் அழுத்தம் குறையும். கீழே ஜெட்டில் காத்திருக்கும் பெட்ரோலை அது மேலே இழுத்துத் தூவும். ஊரே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாகத் திறக்கிறது. அரபிக்கடல் காற்று அந்த இடுக்கில் நுழைந்து, விரைந்து, சாரலைத் தூவிக்கொண்டு தென்காசிக்கு வருகிறது. கிழக்கே நிற்கிற காற்றாலைகள் அத்தனையும் அந்த இடுக்கை நம்பி நிற்பவை. வாசலில் நின்றபடி இதை யோசித்தபோது உடம்பு சிலிர்த்தது. குளிர் மட்டும் காரணமில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். கட்டியவன் கல்லில் ஒரு வேண்டுதலை வெட்டி வைத்திருக்கிறான்: பிற்காலத்தில் இதில் பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் அடி பணிகிறேன் என்று. ராஜா ஒருவன், இன்னும் பிறக்காத கொத்தனார் காலில் விழுகிறான். கோபுரம் பின்னாளில் பிளந்து, இடிந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990ல்தான் ஒன்பது நிலையும் மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. அந்த வேண்டுதலை நான் முன்பே படித்திருக்கிறேன். தகரக் கொட்டகையிலிருந்து நேராக வந்து நின்றபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

குற்றாலம்

ராத்திரியே பஸ் ஏறிக் குற்றாலம் போய்விட்டேன். விடியற்காலை நாலரைக்குப் பேரருவியில் நல்லெண்ணெய் வாசனை. மசாஜ்காரர்கள் கல்மேடையில் ஆட்களைப் படுக்கவைத்து மாவு பிசைவதுபோலப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அருவி நேராக விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாகடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, அங்கே கொதித்துப் புரண்டு, வேகம் தணிந்து, விரிந்து கீழே வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் அடியில் தலை கொடுக்க முடியாது. அருவியின் பாதுகாப்பு வளைவைத் தண்ணீர் தாண்டினால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அன்று தாண்டவில்லை.

முதல் அடி தலையில் விழும்போது யோசனை எல்லாம் நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஒரு அப்பா, ஏழு வயதுப் பையனைத் தன் இரண்டு கால்களுக்கிடையில் நிறுத்தி, முதுகை அருவிக்குக் கொடுத்து நின்றார். பையனுக்குத் தெறிப்பு மட்டும். நானும் அப்படி நின்றிருக்கிறேன், அதே இடத்தில். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்தவனுக்கு, இந்த நீர் இப்படி யாரையும் கேட்காமல் விழுந்து சிற்றாறாக ஓடுவதைப் பார்க்கக் கொஞ்சம் பதற்றமாகக்கூட இருக்கிறது.

சங்கு வடிவக் கோயிலைச் சுற்றிவிட்டு வந்தால் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான். மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தித் திறக்கச் சொல்லிக்கொடுத்த அம்மா, "அடியில இருக்க பூவுல எத்தன இதழோ அத்தன சுளை இருக்கும், எண்ணிப் பாரும்" என்றார். ஆறு இதழ். ஆறு சுளை.

மறுபடி தேரடி

இனி சொல்லப்போவதை மெதுவாகச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி அப்படித்தான் செய்தார்.

முதலில் டேப்பெட். ஆறிய இன்ஜின். மூடியைக் கழற்றி, தள்ளுகோலை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். தாராளமாக உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்குக் கருவி கிடையாது, விரல்தான். அடுத்து பாயின்ட். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி, அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜைச் செருகி இழுத்து, என் கையிலும் கொடுத்து இழுக்கச் சொன்னார். "வெண்ணெயில கத்தி போற மாதி இருக்கணும். புரியுதா?" பிறகு இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகுகிறவன், பசியில் அழுகிற பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறவன் என்றார்.

அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். ஜெட்டுகளைக் கழற்றி ஊதினார். கம்பி விடவில்லை, துளை பெரிதாகிவிடும். ஸ்லைடை உருவி நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றினார். கிளிப் இறங்கினால் நீடில் ஏறும், நடுவேகத்தில் பெட்ரோல் கூடும். சிக்னலில் நின்று நின்று படிந்த கரிக்கும் நீடிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சும்மா நின்று ஓடும்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட். அதைச் சரிசெய்ய வேண்டியது ஏர் ஸ்க்ரூவில். நடுவேகம் நீடிலில். முழுவேகம் மெயின் ஜெட்டில். மூன்று ஆட்சி, மூன்று எல்லை. நான் ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டித்திருந்தேன்.

வடிகட்டிய டேங்கில் புதுப் பெட்ரோல். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே. வண்டியைக் கிளப்பி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை தெருவைச் சுற்றி வரச் சொன்னார். வந்ததும் ஸ்லோவைக் கொஞ்சம் தூக்கி வைத்து, திருப்புளியை என் கையில் கொடுத்தார்.

"உள்ள திருகுங்க. மெதுவா. கேளுங்க."

சத்தம் கனத்தது. தள்ளாடியது.

"இது பெட்ரோல் கூடிப்போச்சு. இப்ப வெளிய எடுங்க. இன்னும். இன்னும்."

சத்தம் தெளிந்து, ஏறி, பிறகு மெலிந்து தாளம் தப்பியது.

"இது காத்து கூடிப்போச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடத்துல அதுவா சந்தோசமா ஓடும். அங்கன நிறுத்துங்க."

மூன்று முறை தவறவிட்டேன். நாலாவது முறை கேட்டது. யாரும் சொல்லாமலே கை நின்றது. அவர் ஸ்லோவை இறக்கினார். இறக்க இறக்க இடைவெளி கூடி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. டக். டக். டக். நடுவில் ஒரு மூச்சு. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட சத்தம். என் கண் கலங்கியதை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தது. உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். வாசலில் சாக்கு விரித்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவருடைய பட்டறைக்குப் பையன்கள் இப்போது வருவதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு புது புல்லட்களில் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்ஷன், சென்சார். காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு அடர்த்தி என்பதை வண்டியே அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். "நல்லதுதான், புகை கம்மி" என்றார். அதில் வருத்தம் இல்லை. ஆனால் இருக்கிற பழைய வண்டிகளைக் கேட்டுச் சொல்ல அடுத்த காது இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பெரிய வருத்தம்.

சுந்தரபாண்டியபுரம், புளியரை

முழுவேகத்தைச் சோதிக்க நேர் ரோடு வேண்டும். அண்ணாச்சியைப் பின்னால் உட்காரவைத்துச் சுந்தரபாண்டியபுரம் போனேன். இரண்டு பக்கமும் சூரியகாந்தி, பின்னால் காற்றாலைகள், அதற்கும் பின்னால் மேகம் மூடிய மலை. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி ஓட்டி, அவர் என் தோளைத் தட்டியதும் கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, உருண்டு நின்றோம். பிளக்கைக் கழற்றினார். நேற்று சாம்பல் வெளுப்பாக இருந்தது, இன்று டீயில் தோய்த்த பிஸ்கட் நிறம். "மெயின் ஜெட்டு இருக்கட்டும்" என்றார்.

நடுவேகத்துக்கு மலை. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏறினோம். வளைவு முடிந்து திருகும்போதெல்லாம் வண்டி திணறாமல் எடுத்தது. இறங்கும்போது வெடிக்கவில்லை. வயலும் தென்னையும் நனைந்து கிடந்தன.

திரும்பும்போது பிரானூர். மரக்கடைகளின் ஈரத் தேக்கு வாசனையோடு பரோட்டா வாசனையும் கலந்து வரும் ஊர். இன்றும் இதை 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லை மலைமேல் போய்விட்டது, பெயர் பரோட்டாக் கடைகளோடு இங்கேயே தங்கிவிட்டது. வாழையிலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா மேல் நாட்டுக்கோழிச் சால்னா. அண்ணாச்சி நாலு சாப்பிட்டார்.

"மதுர போற வழியில, சூடு ஏறுன பெறவு, ஸ்லோ கொஞ்சம் கனக்கும்" என்றார். "ஏர் ஸ்க்ரூவ ஒரு கால் சுத்து வெளிய எடுங்க. நீடிலத் தொட்டீயன்னா தெரியும்." கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. கூட வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுபடி ராஜபாளையம்

சாரல் வாசுதேவநல்லூரோடு நின்றது. ராஜபாளையத்தில் சட்டை காய்ந்து, பிறகு வியர்வையில் நனைந்தது. டீக்கடை ஓரம் நிறுத்தினேன். அவர் சொன்னபடியே ஸ்லோ கனத்திருந்தது. ஒவ்வொரு அடியும் ஈரச்சாக்கில் விழுவதுபோல. திருப்புளியை எடுத்து ஒரு கால் சுற்று வெளியே எடுத்தேன். தெளிந்தது மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு, இன்ஜின் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஒரு நூல் உள்ள" என்றார்.

திருகினேன்.

"ம். போங்க."